கல்வராயன் மலைப்பகுதியின் கண்மூலிகை மரபு: மருந்துச் சொற்களும் அறிவியற் சான்றும்

1. முன்னுரை

தமிழ் மருத்துவ நூல்கள் கண்ணோய்களைத் தொண்ணூற்றாறாக வகுத்துரைக்கின்றன. அகத்தியர் பெயராலும் நாகமுனிவர் பெயராலும் வழங்கும் நயனவிதி நூல்கள் இத்துறைக்கெனவே தோன்றியவை. ஏட்டில் நிற்கும் இம்மரபேயன்றி, எழுதா மரபாக மலைவாழ் மக்களிடத்தும் ஊர்ப்புறத்து முதியோரிடத்தும் கண்மருந்துகள் பல வழங்கி வருகின்றன. இவற்றுள் எவை பயன் தருவன, எவை தீங்கு பயப்பன என்னும் வினா மருத்துவர்க்கே உரியது எனத் தமிழாய்வாளர் ஒதுங்கிவிடுதல் பொருந்தாது. ஒரு மருந்தின் நன்மை தீமைகள் மூலிகையின் பெயரளவில் முடிந்துவிடுவன அல்ல. அம்மருந்து கண்ணினுள் விடப்பட்டதா, இமைமேல் இடப்பட்டதா, உணவாக உண்ணப்பட்டதா என்பதும், நூலாசிரியர் கருதிய நோய் யாது என்பதும் அறியப்பட்ட பின்னரே அதன் தகுதியை ஆராய இயலும். இவற்றைத் தெரிவிப்பன சொற்களே. அச்சொற்களின் பொருளைத் தெளிதல் தமிழாய்வாளர் கடனாகும். கள்ளக்குறிச்சியையும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையையும் நிலைக்களனாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிலமும் மக்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. பழைய ஆவணங்கள் இதனைக் கல்ராயன் மலை எனவும் குறிக்கும். வடபாற் சின்னக் கல்வராயன், தென்பாற் பெரிய கல்வராயன் என இஃது இரு பிரிவாக வழங்கும். முன்னது ஏறத்தாழ 2,700 அடி உயரமும், பின்னது ஏறத்தாழ 4,000 அடி உயரமும் உடையன. மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. மற்றொரு பகுதி, 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விழுப்புரத்தினின்று பிரிந்து தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும். வெள்ளிமலை இப்பகுதியின் தலைமை ஊர்.

இங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளதே. கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. இவர்தம் மொழி தமிழ். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூவர் பெயரால் வழங்கிய ஜாகிர்களின்கீழ் இம்மலை நெடுங்காலம் இருந்தது; 1976-இலேயே அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கடுக்காய், நெல்லி, தேன் முதலிய காடுபடு பொருள்கள் இம்மக்கள் வாழ்வில் இன்றும் இடம்பெறுவன. சாலையும் மருத்துவமனையும் எட்டாதிருந்த காலத்தில் கைக்கெட்டிய மூலிகையே மருந்தாயிற்று. அம்மரபு தேவையிலிருந்து பிறந்தது என்பதை மறவாது ஆராய்தல் வேண்டும். கல்வராயன், சேர்வராயன் மலைகளின் மருத்துவ மரங்களைப் பற்றிய ஆய்வொன்று இந்திய மரபறிவு இதழொன்றில் 2009-இல் வெளிவந்தது. இத்தகைய தாவரவியல் ஆய்வுகள் மூலிகைகளின் பெயரைத் தொகுத்துத் தந்துள்ளன. அப்பெயர்களோடு வழங்கும் வினைச்சொற்களைத் தொகுத்து ஆராய்வதே இனி நாம் செய்ய வேண்டுவது.

3. மருந்திடும் முறை குறிக்கும் சொற்கள்

சித்த மருத்துவம் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என மருந்து வடிவங்களை வகுக்கின்றது. புறமருந்துகளுள் கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, புகை, மை, கலிக்கம், நசியம் முதலியன கண்மருத்துவத்தோடு தொடர்புடையன. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. கலிக்கம் என்பது கண்ணினுள் இடும் மருந்து. மை இமையோரத்தில் தீட்டப்படுவது. பற்று என்பது அரைத்த மருந்தை இமையின் புறத்தோ நெற்றியிலோ அப்புவது. ஒற்றடம் வெப்பத்தையோ ஈரத்தையோ துணிவழிச் சேர்ப்பது. நசியம் மூக்கின்வழிச் செல்வது.

இப்பாகுபாட்டின் அருமை கண்ணின் அமைப்பை நோக்கும்போது புலனாகும். கார்னியா எனப்படும் கருவிழிப்படலம் குருதிக்குழாய்கள் இல்லாதது; ஆதலின் ஒளி ஊடுருவும் தெளிவுடையது. குருதிக்குழாய் இன்மையால், அங்கே புண் தோன்றின் ஆறுதல் மெதுவாகவே நிகழும். ஆறிய இடத்தில் வெண்வடு நிற்கும். தோல்மேற் பட்டால் சிறு எரிச்சலோடு நீங்கும் சாறு, இப்படலத்தின்மேற் பட்டால் பார்வையைக் கெடுத்தல் கூடும். எனவே ஒரே மூலிகை பற்றாக இடப்படும்போது தீங்கற்றதாகவும், கலிக்கமாக இடப்படும்போது இடர் தருவதாகவும் அமையலாம். "இம்மூலிகை கண்ணுக்கு நல்லது" எனப் பொதுப்பட எழுதும் தொகுப்பாளர், முன்னோர் காத்துவந்த இன்றியமையாத வேறுபாட்டை அழித்துவிடுகின்றார்.

'பால்' என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. "பாலில் இழைத்து இடுக" என்னும் குறிப்பு தாய்ப்பாலைக் கருதியதா, ஆவின் பாலைக் கருதியதா, செடியினின்று வடியும் பாலைக் கருதியதா என்பது இடம் நோக்கியே துணியத்தக்கது. கண்மருந்துகளில் தாய்ப்பால் பெருவழக்கு. அதனை அறியாதார் செடிப்பால் எனக் கொள்வாராயின் விளையும் கேடு பெரிது. எருக்கின் ஓரினத்துப் பால் பட்ட 29 கண்களை ஆராய்ந்து வங்காளத்து மருத்துவர்கள் 2009-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அப்பால் பட்டோர்க்கு வலி தோன்றாமலே பார்வை திடுமென மங்கிற்று. கருவிழிப்படலத்தின் உட்புறத்தே அதன் தெளிவைக் காக்கும் உயிரணுக்கள் சிலர்க்கு நிலையாகக் குறைந்தன. வலியின்மையால் நோயாளி அதனைப் பொருட்படுத்தாது விடுதலும் கூடும். ஒரு சொல்லின் பொருளைப் பிறழக் கொள்ளுதல் ஒரு கண்ணையே இழக்கச் செய்யலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

4. நோய்ப் பெயர்களில் நேரும் மயக்கம்

நோயைக் குறிக்கும் பெயர்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. 'காசம்' என்னும் சொல் இருமல் நோயையும் குறிக்கும். பார்வையைக் கெடுக்கும் கண்ணோயையும் குறிக்கும். வடமொழியில் 'காஸ' என்பது இருமல். 'காச' என்பது கண்ணாடியையும் கண்ணோய் ஒன்றையும் குறிப்பது. ஒலியால் வேறுபட்ட இவ்விரு சொற்களும் தமிழ் எழுத்தில் ஒன்றாயின. நந்தியாவட்டை காசத்தைத் தீர்க்கும் எனக் காணும் ஒருவர் அதனை இருமல் மருந்து என்று கொள்ளவும், இருமலுக்குரிய மருந்தைக் கண்ணுக்குரியது என்று கொள்ளவும் இடமுண்டு. அதே அடியில் படலம், திமிரம் என்னும் பெயர்கள் உடன்வரின் கண்ணோயே கருதப்பட்டது எனத் துணியலாம்.

'பூ' என்பது மற்றொரு சொல். கருவிழியில் தோன்றும் வெண்வடுவைக் "கண்ணிற் பூ விழுந்தது" எனத் தமிழ் மக்கள் கூறுவர். வெண்ணிற நந்தியாவட்டைப் பூ கண்மருந்தாகப் போற்றப்பட்டமைக்கு இவ்வுருவ ஒப்புமையும் ஒரு காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு. அஃது எவ்வாறாயினும், புண் ஆறியபின் எஞ்சிய வடுவினை எச்சாறும் கரைக்கவல்லது அன்று. பார்வையை மறைக்கும் வடுவிற்குக் கருவிழி மாற்று அறுவையே இன்று வழியாக உள்ளது.

5. மூலிகைகள் சில

(அ) நந்தியாவட்டை: கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலைமகளிர் குவித்த மலர்களுள் 'நந்தி' என்பது ஒன்று, அதனை நந்தியாவட்டை எனக் கொள்வர். இதன் பூவை மூடிய கண்ணின்மேல் வைத்துக் கட்டுதல் ஒரு வழக்கம். பூவின் சாற்றைக் கண்ணில் விடுதல் மற்றொரு வழக்கம். முன்னதில் குளிர்ச்சியும் ஈரமும் இமைக்கு இதம் தருகின்றன, தீங்கு அரிது. பின்னதில் கழுவாத பூவிலும் பிழிந்த கையிலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றோடு கண்ணுட் புகும். இச்செடி இலையிலும் தண்டிலும் வெண்பால் உடையது. ஆதலின் பறிக்கும்போது பாலும் கலத்தல் கூடும். இச்செடியில் ஆல்கலாய்டு வகைப் பொருள்கள் பலவற்றை வேதியியலார் பிரித்தெடுத்துள்ளனர். ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களை எதிர்க்கும் ஆற்றலும் காணப்பட்டுள்ளது. ஆயினும் ஆய்வுக்கூடக் கலத்தில் நுண்ணுயிர் அழிதல் வேறு. உயிருள்ள கண்ணில் நோய் தீர்தல் வேறு.

(ஆ) தேற்றா: கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட இலையுதிர் காடுகளில் வளரும் மரம் இது. இதன் கொட்டையைக் கலத்தின் உட்புறத்தே தேய்த்தால் கலங்கிய நீர் தெளியும். இவ்வழக்கம் கலித்தொகையிலேயே உவமையாக ஆளப்பட்டுள்ளது. ஆண்டு இம்மரம் 'இல்லம்' எனப்படும். விதையிலுள்ள பல்கூட்டுச் சர்க்கரைப் பொருள்கள் நீரிலுள்ள நுண்துகள்களை ஒன்றுசேர்த்து அடியிற் படியச் செய்கின்றன என இக்கால வேதியியல் விளக்கும். கொட்டையைத் தேனில் இழைத்துக் கண்ணில் இடுதல், கண்ணீர் வடிதலுக்கும் கலங்கிய பார்வைக்கும் மருந்தாகக் கூறப்பட்டது. கலங்கிய நீரைத் தெளிவிப்பது கலங்கிய கண்ணையும் தெளிவிக்கும் என்னும் ஒப்புமை இதன்கண் விளங்குகின்றது. ஒப்புமை கருத்தைத் தோற்றுவிக்கும், சான்றாகாது. நீரில் மெய்ப்பிக்கப்பட்ட ஆற்றலைக் கண்ணிலும் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளுதல் பிழை. தேற்றாவும் கொடிய நஞ்சுடைய எட்டியும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

(இ) முப்பலை: கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றின் கூட்டு இது, திரிபலை எனவும் வழங்கும். கல்வராயன் மலைக் காடுகள் இவற்றிற்குப் பெயர் பெற்றவை. இதன் வடிநீராற் கண் கழுவுதல் தொன்றுதொட்ட முறை. கடுக்காயிலும் நெல்லியிலும் மிகுந்துள்ள துவர்ப்புப் பொருள்கள் நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுப்பன என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. முப்பலை கொடுக்கப்பட்ட எலிகளில், செயற்கையாகத் தோற்றுவிக்கப்பட்ட கண்புரை குறைந்தது என 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இது கண்புரை பற்றியது, தொற்றுநோய் பற்றியதன்று. ஒன்றிற்குரிய சான்றை மற்றொன்றிற்கு ஏற்றியுரைத்தல் கூடாது. மேலும், கொதிக்கவைத்து வடித்த நீர் அன்றன்று பயன்படுத்தப்படாது வைக்கப்படின், அதுவே நுண்ணுயிர்கள் பெருகும் களமாகிவிடும்.

(ஈ) மரமஞ்சள்: கண்மருந்துகளுள் மிக வலுவான அறிவியற் சான்று இதற்கே உண்டு. இப்பெயர் இரு தாவரங்களுக்கு வழங்குகின்றது. ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் பெருங்கொடி. மற்றொன்று இமயமலைப் பகுதியின் முட்செடி. கல்வராயன் பகுதியினர் இதனை நாட்டு மருந்துக் கடையிலேயே பெற வேண்டும். இரண்டு தாவரங்களிலும் பெர்பெரின் என்னும் மஞ்சள்நிறப் பொருள் உண்டு. டிரக்கோமா என்பது கிளமிடியா எனும் பாக்டீரியாவால் இமையின் உட்புறத்தே தோன்றி, பன்முறை தாக்கிப் பார்வையைப் பறிக்கும் நோய். பெர்பெரின் சொட்டுமருந்தை டிரக்கோமா நோயாளிகளிடம் சோதித்த இந்திய ஆய்வுகள் 1982-இல் வெளிவந்தன. அக்காலத்து வழக்கிலிருந்த சல்பாசிட்டமைடு மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பெர்பெரின் பயன் தருவதாக அறிவித்தனர். ஆயினும் சோதிக்கப்பட்டது தூய்மை செய்து அளவறிந்து கலந்த பெர்பெரின். கல்லில் இழைத்த கட்டையன்று. டிரக்கோமா பொதுநலச் சிக்கல் என்னும் நிலையினின்று இந்தியாவில் நீங்கிற்று என 2024-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அவ்வெற்றிக்குத் தூய்மையும் நீர்வசதியும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் துணைநின்றன.

(உ) தாய்ப்பால்: இது மூலிகையன்று, எனினும் மூலிகைகளை இழைக்கும் ஊடகமாதலின் ஈண்டு ஆராயப்படுகின்றது. பிளெமிங் 1922-இல் கண்டறிந்த லைசோசைம் என்னும் பொருள் கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் உள்ளது. புதிதாய்ப் பிறந்த குழந்தையின் கண்ணிற் சீம்பால் இட்டதால் பீளை கட்டுதல் குறைந்தது என ஓர் இந்திய ஆய்வு 1982-இல் கூறிற்று. 2013-இல் வெளிவந்த ஆய்வுக்கூடச் சோதனையோ, கண்ணோய் தரும் நுண்ணுயிர்களுள் சிலவற்றையே தாய்ப்பால் தடுக்கின்றது எனக் காட்டிற்று. மரபில் ஓரளவு உண்மை உண்டு. அதன் எல்லை குறுகியது என்பதே இவற்றால் பெறப்படும் முடிபு.

(ஊ) கீரைகள்: பொன்னாங்கண்ணி, முருங்கை, அகத்தி முதலியன கண்ணுக்குரியனவாகப் போற்றப்படுகின்றன. இவை உண்ணப்படுவன. இவற்றிலுள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகின்றது. அச்சத்துக் குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். குறை மிகுந்தால் கருவிழிப்படலம் உலர்ந்து, தொற்றுக்கு இடமாகி, அழியும். இந்திய அரசு 1970-இல் குழந்தைகட்கு இச்சத்தினை வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளிடையே நிகழ்ந்து 1990-இல் வெளிவந்த ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு சராசரி 54 விழுக்காடு குறைந்தது. 'மாலைக்கண்' எனப் பெயரிட்டு அதற்குக் கீரையை விதித்த மரபு ஈண்டு உறுதியான அறிவியல் ஆதரவைப் பெறுகின்றது.

6. தானே தீரும் நோயும் தீராத புண்ணும்

மூலிகையால் தீர்ந்தது எனப் பலர் மெய்யாகவே நம்பும் கண்ணோய் யாது? பெரும்பாலும் 'மெட்ராஸ் ஐ' என வழங்கும் தொற்று விழியழற்சியே. சென்னையில் 1819-இல் தோன்றிய கண்மருத்துவமனை எழும்பூரில் இன்றும் நிலவுகின்றது. சென்னையிற் பரவிய கருவிழிப்படல அழற்சியொன்றைப் பற்றி மருத்துவர் கிர்க்பாட்ரிக் 1920-இல் பிரித்தானியக் கண்மருத்துவ இதழில் எழுதினார். இத்தகைய நோய்களை விளைக்கும் அடினோ வைரசு 1953-இலேயே பிரித்தறியப்பட்டது. வைரசால் வரும் விழியழற்சி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானே தீரும். அந்நாள்களில் இடப்பட்ட மருந்து எதுவாயினும் புகழ் அதனையே சாரும். மஞ்சள் நீரில் நனைத்த துணியால் கண்ணைத் துடைத்தல் போன்ற வழக்கங்கள் இமையைத் தூய்மை செய்து இதம் தருவன. ஒரே துணியைப் பலர் பயன்படுத்தினால் அதுவே நோயைப் பரப்பும்.

தானே தீராதது கருவிழிப் புண். கள்ளக்குறிச்சிச் சமவெளி கரும்பும் நெல்லும் விளையும் நிலம். உமி, கரும்புத்தோகை, கதிர்த்தூசு இவற்றால் கருவிழியிற் கீறல் நேர்தல் உழவர்க்கு இயல்பு. மதுரையில் 1994-இல் மூன்று திங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முன்னர்க் கண்ணில் அடிபட்டவர்கள். நுண்ணுயிர் கண்டறியப்பட்ட புண்களுள் பூஞ்சையால் விளைந்தன ஏறத்தாழப் பாதி. அதே மதுரையில் 1999-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கருவிழிப் புண்ணோடு வந்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னரே நாட்டு முறை மருந்தைக் கண்ணில் இட்டவர் எனக் காட்டிற்று. செடியின் கீறலால் பூஞ்சை புகுந்த கண்ணில் மீண்டும் செடியின் பச்சைச் சாற்றை விடுதல் தீங்கைப் பெருக்கும். அதனினும் பெரிய தீங்கு, காலம் கடத்தல். கடையிற் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டுச் சொட்டுமருந்தும் பூஞ்சைப் புண்ணை முற்றச் செய்யும் என்பதையும் சேர்த்துக் கூறுதல் நடுநிலையாகும்.

பூஞ்சைப் புண்ணுக்கு உரிய நாட்டமைசின் என்னும் மருந்து மண்ணில் வாழும் நுண்ணுயிரினின்று பெறப்பட்டது. புதிய மருந்தாகிய வோரிகோனசோலினும் இது மேலானது எனத் தென்னிந்தியாவில் நிகழ்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு நிறுவிற்று. எனவே இயற்கை, செயற்கை என்னும் பாகுபாடு ஈண்டுப் பயன்படாது. தூய்மை, அளவு, நோய்க்குப் பொருத்தம் என்னும் மூன்றுமே கருதத்தக்கன.

7. முடிபு

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. உணவாக உண்ணும் மரபுக்கு அறிவியல் ஆதரவு வலியது. இமையின் புறத்தே இடுவன பெரும்பாலும் இதம் தருவன. கண்ணினுள் இடுவனவற்றுள், தூய்மை செய்து அளவறிந்த வடிவில் பெர்பெரின் போன்ற சிலவே மனிதர் கண்ணில் சோதிக்கப்பட்டவை. பச்சைச் சாறும் செடிப்பாலும் தவிர்க்கத்தக்கன. கண்வலியோடு பார்வை மங்குதல், ஒளி காணக் கூசுதல், கருவிழியில் வெண்புள்ளி தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே கண்மருத்துவரை அடைதல் வேண்டும். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறந்துவைக்கப்பட்டமையால் மலையினின்று செல்லவேண்டிய தொலைவும் முன்னினும் குறைந்துள்ளது.

மலை மருத்துவரை இகழ்ந்து ஒதுக்குதல் பயன் தராது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் மரபு மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து, கருவிழிப் புண்ணை இனங்கண்டு மருத்துவமனைக்கு அனுப்புமாறு செய்தனர்; அதன் பின்னர் நோயின் போக்கில் நேர்ந்த மாற்றம் 1996-இல் ஆய்வாக வெளிவந்தது. நோயாளி முதலில் அணுகுபவர் அவரே. ஆதலின் அவரே முதற் காவலராகலாம்.

தமிழாய்வாளர் செய்யத்தக்கன இரண்டு. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் கலிக்கம், பற்று, பால், காசம், பூ போன்ற சொற்கள் வருமிடந்தோறும் பொருளை வரையறுத்துக் குறிப்பு எழுதுதல் ஒன்று. மலையிற் களப்பணி செய்வோர் மூலிகைப் பெயரோடு நில்லாது, செடியின் எவ்வுறுப்பு, எவ்வூடகம், எவ்விடத்து இடுதல், எந்நோய்க்கு, எத்துணை நாள் என்பவற்றையும் சொல்வோர் வழங்கிய வினைச்சொல்லையும் மாற்றாது பதிதல் மற்றொன்று. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் கண்ணோயாளிகளின் நிலையைப் படத்தோடும் குறிப்போடும் பதியச் செய்தார். அப்பதிவுகள் இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. அத்தகைய பதிவு கல்வராயன் மலை மரபுக்கும் வேண்டும். "இடு" என்றாரா, "பற்றிடு" என்றாரா, "உண்" என்றாரா என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நொடியே செல்லும். அவ்வொரு சொல் விடுபடின், அதனை நம்பி மருந்திடும் ஒருவரது கண் இடர்ப்படலாம்.